ஆட்டுத் தீவனத்துக்கு வரி இல்லை

1

பனி உருகத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் மகள் கயல் தன் பள்ளிக்கூட மேடையில் நின்று, விவசாயிகளுக்கு விற்பனை வரி விலக்குக் கொடுப்பது நியாயமில்லை என்று பேசிப் பரிசு வாங்கினாள். அதற்கு அவள் காட்டிய உதாரணம் நான்.

"எனக்கு ஒரு பெண்ணைத் தெரியும்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "மருத்துவமனையில் நர்ஸ். நல்ல சம்பளம். வீட்டுக்குப் பின்னால் ஆடும் வளர்க்கிறார். ஆட்டுத் தீவனம் வாங்கினால் அவருக்கு வரி இல்லை. நர்ஸ் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற ஷூவுக்கு வரி உண்டு. இரண்டுமே அவருக்கு வேலைதான். ஒரு வேலைக்கு மட்டும் எதற்கு இந்தச் செல்லம்?"

அரங்கம் சிரித்தது. பக்கத்தில் இருந்த என் கணவர் சேகர் என் கையைப் பிடித்து அழுத்தினார். ஆறுதலுக்கா, எழுந்து பதில் சொல்லிவிடாதே என்பதற்கா, தெரியவில்லை. நான் எழுந்திருக்க மாட்டேன். ஆனால் பதில் என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அது சரியான பதில்தானா என்று எனக்கே உறுதியாகத் தெரியாததுதான் அன்றைக்கு என்னை உறுத்தியது.

ஊரில் இருக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகிற மலைப்பாதையில் பாதி வழியில் இறங்கி, மண் சாலையில் நடந்தால் எங்கள் ஊர். ஜவ்வாது மலையில் சாமை போட்டுப் புளி உலுக்கிய குடும்பம். நான் கீழே இறங்கி நர்சிங் படித்து, கடல் தாண்டி, அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றங்கரைப் பக்கம் ஒரு மேட்டு நிலத்தில் வந்து நின்றேன். வாரத்தில் சில நாள் மருத்துவமனை, மற்ற நாள் ஆடு. சேகருக்குக் காருக்கு உதிரி பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை.

ஆட்டை வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் உருது பேசுகிறவர்கள். வாணியம்பாடிச் சந்தையில் சிறு வயதில் காதில் விழுந்த உருதுவை வைத்துக்கொண்டு அவர்களோடு பேரம் பேசுகிறேன். ஹைதராபாத்காரர் ஒருவர், "நீங்கள் எந்த ஊர் முஸ்லிம்?" என்று கேட்டார். மலைக்காரி என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆட்டைப் பிடித்திருந்தது, வாங்கிக்கொண்டு போனார்.

2

இந்த வரி விலக்கு எனக்கு அறிமுகமான விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

ஆடு வாங்கிய புதிதில், தீவனமும் கம்பிவேலியும் விற்கிற கடைக்குப் போனேன். பணம் கட்டும் இடத்தில் இருந்த பெண், "எக்ஸெம்ப்ட்?" என்றாள். அவள் பேசியது மூக்கால். எனக்கு "எம்ப்டி?" என்று கேட்டது. காலியா என்று கேட்கிறாள் போல என்று நினைத்துத் தள்ளுவண்டியை அவள் பக்கம் திருப்பி, உள்ளே இருந்த மூட்டைகளைக் காட்டினேன். காலி இல்லை, நிறைய இருக்கிறது என்றேன். அவள் மறுபடி கேட்டாள். நான் மறுபடி மூட்டையைத் தட்டிக் காட்டினேன். பின்னால் நின்ற பெரியவர்தான், "அம்மா, வரி விலக்கு உண்டா, நீங்கள் விவசாயியா என்று கேட்கிறாள்," என்று நிதானமாக எடுத்துச் சொன்னார்.

விவசாயியா. இந்த நாட்டில் என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. ஆமாம் என்றேன். ஆமாம் என்றால் போதாது, மாநிலத்து வருவாய்த் துறையிடம் எண் வாங்கிவர வேண்டும் என்றாள். அந்த எண் வாங்க நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். விற்பதற்காக வளர்க்கிறேனா, ஆசைக்கு வளர்க்கிறேனா என்று கேட்டார்கள். ஆட்டை ஆசைக்கு வளர்ப்பார்கள் என்பதே எனக்குப் புதிய செய்தி. தொலைபேசியில் அந்த அதிகாரி, செல்லப் பிராணியா என்ற அர்த்தத்தில் "பெட்?" என்றதை, நான் நர்ஸ் ஆயிற்றே, படுக்கை என்று எடுத்துக்கொண்டு, "இல்லை, கீழே வைக்கோல்தான்," என்று பதில் சொன்னேன். மறுமுனையில் அவர் அந்த வார்த்தையை எழுத்தெழுத்தாகச் சொல்லித் திரும்பக் கேட்டார்.

கடைசியில் எண் வந்தது. அதிலிருந்து தீவனத்துக்கும் குடற்புழு மருந்துக்கும் வரி இல்லை. வீட்டு நாய்க்கு வாங்குகிற பிஸ்கட்டுக்கு வரி உண்டு. அதைத் தனியாக எடுத்து வைத்துக் கட்டிவிடுவேன். ஏன் ஒன்றுக்கு இல்லை, இன்னொன்றுக்கு உண்டு என்று நான் யோசித்ததில்லை. இந்த ஊரில் விவசாயிக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பைத்தான் கயல் மேடையில் வைத்துப் பிரித்துப்போட்டாள்.

3

வீட்டுக்குத் திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். கயல் பக்கத்தில். சேகர் பின்னால். 

"கோவமாம்மா?" என்றாள் கயல்.

அவள் வீட்டில் தமிழ் பேசுவதை ஏறக்குறைய நிறுத்தியிருந்த காலம் அது. கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதுவும் ஆங்கிலத்தில். அதனால் அந்தத் தமிழே என்னைக் கொஞ்சம் இளக்கிவிட்டது.

"கோவம் இல்ல. நல்லா பேசன. ஆனா தப்பு."

"எந்தப் பக்கம் பேசணும்னு போட்டி நடத்தறவங்கதான் சொல்வாங்க. நான் எடுக்கல."

"பக்கத்த வுடு. எது தப்புன்னு கேளு. ஆட்டுக்குப் போட்ட தீவனம் எங்க போச்சு?"

"ஆட்டுக்குள்ள."

"ஆடு?"

"வாங்கினவங்க வீட்டுக்கு."

"அப்ப தீவனத்த நா சாப்டல. கடசியா யாரு சாப்டறாங்களோ அவுங்களுக்குத்தான் விற்பன வரி. நடுவுல தீவனத்துக்கு ஒரு வரி, வேலிக்கு ஒரு வரின்னு வாங்கிகினே வந்தா, வரி மேல வரி ஏறிப் போவும்."

கயல் யோசித்தாள். "ஆனா இங்க சாப்பாட்டுக்குக் கடைசியிலயும் வரி இல்லயே?"

"இல்லாதவங்களும் சாப்டணும் இல்ல?"

"சரி. அப்ப உங்க ஷூ? அதுவும் நடுவுலதான். நீங்க அதப் போட்டு நோயாளியப் பாக்கறீங்க."

 பின்னாலிருந்து சேகர் உதவிக்கு வந்தார். "எங்க பிளான்ட்ல இறங்கற இரும்புக்கு இந்த வரி கெடையாது. அது பாகமா மாறி வெளிய போவுது. விவசாயிக்கு மட்டும் தர்ற செல்லம் இல்ல இது. பண்டத்த உண்டாக்கறவங்களுக்கு எல்லாம் இதே கணக்குதான்."

"ஷூவுக்குப் பதில் வரல," என்றாள் கயல்.

"ஷூவுக்கு நீ சொல்றது நியாயந்தான்," என்று ஒப்புக்கொண்டேன். "ஆனா இன்னொண்ணு கீது. கடைக்காரனுக்கு வரி ஏறினா அவன் வெலைய ஏத்துவான். வீட்டாண்ட விக்காத ஆட்ட நா ஏலத்துக்கு ஓட்டினு போறேன். அடைப்புல வுடறேன். மேல நின்னுகினு ஒருத்தர் வெல சொல்றார், கீழ ஒருத்தர் தல ஆட்டறார். நா வாயத் தொறக்க முடியுமா? எனுக்கு ஏறின செலவ யார் மேல எறக்கி வெக்கிறது?"

 சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு வந்தும் இறங்காமல், பெரிய பண்ணைக்காரர்களுக்குத்தான் இந்த விலக்கால் அதிக லாபம் என்று அடுத்த வாதத்தை எடுத்தாள். அதுவும் உண்மைதான். காரை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்து சண்டை போட்டோம். சேகர் குளிர் தாங்காமல் இறங்கிப் போய்விட்டார். எனக்குக் குளிரவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு என் மகள் என்னோடு மூச்சுவிடாமல் தமிழ் பேசிக்கொண்டிருந்தாள், என்னைத் தோற்கடிப்பதற்காக.

4

அடுத்த ஞாயிறு ஊரிலிருந்து அண்ணன் ஏழுமலை கூப்பிட்டார். பரிசு வாங்கிய கதையைச் சொன்னேன். மருமகள் பரிசு வாங்கியதில் அவருக்கு அக்கறையில்லை. வேறொன்று காதில் ஏறிவிட்டது.

"அங்க விவசாயிக்கு வரியே இல்லியா?"

"வேலைக்கு வாங்கற சாமானுக்கு இல்லண்ணா."

"இன்னாத்துக்கு இல்ல?"

காரில் சொன்னதையே சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப நா இங்க இன்னா, விவசாயி இல்லியா?" என்றார்.

விஷயம் இதுதான். மலையில் விளைகிற சாமையை உமியோடு மூட்டை கட்டித்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள். கீழேயிருந்து வருகிற மண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போவார். அவர் சொல்வதுதான் விலை. அதே சாமை உமி நீங்கி அரிசியாகி, பளபளப்பான பையில் நகரத்துக் கடைகளில் பல மடங்கு விலைக்குப் போகிறது. உமி நீக்கும் இயந்திரம் ஒன்று ஊரிலேயே இருந்தால் நன்றாயிருக்கும் என்று அண்ணன் வெகுநாளாக அலைந்துகொண்டிருந்தார். மானியத்துக்கு எழுதிக்கொடுத்தார். வரும் என்றார்கள், வரவில்லை. கடனை வாங்கிச் சொந்தமாகவே வாங்கிவிடுவது என்று இறங்கியபோது, கடைக்காரர் சொன்ன விலையில் வரி ஒரு பெரிய துண்டாக உட்கார்ந்திருந்தது.

"நீ ஜூன்ல வர்ற இல்ல, கூட வா. அந்தக் கடைக்காரர்கிட்ட நீயே கேளு," என்றார்.

கயலைக் கூட்டிக்கொண்டு போனேன். வர விருப்பமில்லாமல்தான் வந்தாள். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்தாள். இறங்கியதும், கைப்பேசியில் சிக்னல் இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். என் அண்ணி வசந்தா அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "இளைச்சிட்ட," என்பது. அமெரிக்காவில் யாராவது அவள் உடம்பைப் பற்றி இப்படிச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் கூட்டமே போட்டிருப்பார்கள். அண்ணி சொன்னதும் பேசாமல் உட்கார்ந்து இரண்டாம் முறை களி வாங்கிக்கொண்டாள்.

5

திருப்பத்தூரில் அந்தக் கடை பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. முன்பக்கம் பம்புசெட்டு, மருந்து தெளிக்கும் மிஷின். உள்ளே மூலையில், பச்சைச் சாயம் அடித்து நின்றது அண்ணன் கண் வைத்திருந்த இயந்திரம். அண்ணன், அண்ணி, நான், கயல், நான்கு பேரும் சுற்றி நின்று அதைப் பார்த்தோம். அண்ணன் அதன் வாயில் கையைவிட்டுத் தடவினார்.

கடைக்காரர் நல்ல மனிதர். டீ சொன்னார். விலையைச் சொல்லி, "வரி சேத்துங்க," என்றார்.

கயல் என்னைப் பார்த்து, "எங்க நிக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, வரி என்றால் வரிசை என்று நினைத்திருக்கிறாள். வரி என்றுதான் காரில் அவ்வளவு நேரம் சண்டை போட்டோம், ஆனால் கடையில் கேட்டதும் குழம்பிவிட்டாள். வரி என்றால் அந்த வரி என்றேன். அவள் முகம் மாறியது. மேடையில் ஏறும்போது இருந்த முகம்.

"இவர் ஃபார்மர்," என்றாள் கடைக்காரரிடம், மாமாவைக் காட்டி. "ஏன் வரி?"

கடைக்காரர் சிரித்தார். "பாப்பா, மண்வெட்டி, அருவா வாங்கினா வரி கெடையாது. உழுவுற மிஷினுன்னா வரி கம்மி, இப்ப இன்னும் கொறச்சிட்டாங்க. இது மாவு மில்லு கணக்குல வருது. அதனால ஜாஸ்தி."

"சாமைய அறுக்கற வரைக்கும் நா விவசாயி. உமிய எடுத்தா மில்லுக்காரனா?" என்றார் அண்ணன்.

"சட்டம் அப்டிதாங்க கீது. ஆனா ஒரு வழி கீது. ஜி.எஸ்.டி. நம்பர் இருந்தா, இந்த வரிய நீங்க விக்கிற சரக்கோட வரியில கழிச்சுக்கலாம். நம்பர் கீதுங்களா?"

"ஆதார் கீது," என்றார் அண்ணன்.

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். அண்ணன் சாமையை அப்படியே விற்கும்வரை அவர் எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, யாருக்கும் வரி கட்ட வேண்டியதில்லை. விவசாயியை அரசாங்கம் அந்தத் தொல்லையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் பதிவு செய்யாமல் வெளியே நிற்கிறவர், தான் வாங்குகிற பொருளில் ஒட்டியிருக்கும் வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது. அரிசியாக்கிப் பையில் அடைத்துப் பெயர் அச்சிட்டு விற்றால் அதற்கு வரி உண்டு; அப்போது உள்ளே வந்தாக வேண்டும்; உள்ளே வந்தவர் இயந்திரத்தின் வரியைக் கழித்துக்கொள்ளலாம்.

கயல் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மாமாவின் பக்கம் திரும்பினாள். வார்த்தை வார்த்தையாகத் தேடித் தமிழில் சொன்னாள். "மாமா, இங்கயும் அங்கயும் ஐடியா ஒண்ணுதான். வரி கடைசி ஆளுக்கு. நீங்க நடுவுல இருக்கீங்க. அங்க கடையில அம்மா நம்பர் சொன்னா, வரிய வாங்கவே மாட்டாங்க. இங்க முதல்ல வாங்கிட்டு, அப்புறம் கழிப்பாங்க. ஆனா அதுக்கு நீங்க வியாபாரி ஆகணும்."

மேடையில் இதற்கு எதிர்ப்பக்கம் நின்று பரிசு வாங்கியவள் இவள்தான் என்று நான் கடைக்காரரிடம் சொல்லவில்லை.

அண்ணன் டீயைக் குடித்து முடித்தார். "நா பயிர் வெக்கிறவன். மாசா மாசம் ஒருத்தர்கிட்ட போயி கணக்குக் காட்டினு நிக்க என்னால ஆவாது. மிஷினு வாணாம். வாங்க போலாம்," என்று எழுந்துவிட்டார்.

6

 வீட்டுக்கு வந்து, கொல்லையில் ஆட்டைக் கட்டிவிட்டு உள்ளே வந்த அண்ணி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"மாசா மாசம் கணக்கு நா காட்டினுதான கீறேன்."

ஊர்ப் பெண்கள் குழுவுக்கு அண்ணிதான் தலைவி. சேமிப்பு, கடன், ஆலங்காயம் வங்கி என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் மலை இறங்கிப் போய்வருகிறவர்.

"அது வேற, இது வேற," என்றார் அண்ணன்.

"இன்னா வேற? குழு பேர்ல மிஷின வாங்கறோம். குழு பேர்ல நம்பர் வாங்கறோம். ஊர்ல கீற சாமைய நாங்க வாங்கி, அரிசியாக்கி விக்கறோம். உனுக்கு பயமா கீதுன்னா நீ நெலத்தப் பாரு."

பயம் என்ற வார்த்தை அண்ணனைக் குத்திவிட்டது. நானும் கயலும் இருக்கும்போது சொன்னது இன்னும் அதிகமாகக் குத்தியிருக்கும். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டதற்கு வரவில்லை. நிலத்தில் கல் பொறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சாமை விதைக்கிற சமயம், வேலை இருந்தது உண்மைதான். ஆனால் கல் பொறுக்குவதற்கு அன்றைக்கென்ன அவசரம்.

"நீங்க அப்டி சொல்லியிருக்க வாணாம் அண்ணி," என்றேன்.

"வேற எப்டி சொல்றது கோமதி? இந்த மிஷினு மிஷினுன்னு அவுரு எத்தினி வருசமா அலயறாரு. கைக்கு வந்தப்ப வாணாங்கறாரு. அவுருக்கு எங்க, யாராவது ஆபீசருங்க வந்து கேள்வி கேப்பாங்கன்னு நெனப்பு. கேட்டா பதில் சொல்றேன். எனுக்கு இன்னா."

அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. சாதிச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழைக்காக அப்பா எத்தனை தரம் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கினார் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அரசாங்கத்துக்கும் நமக்கும் இடையில் தூரம் இருப்பது நல்லது என்று அண்ணன் அப்போதே முடிவுகட்டிவிட்டார். நான் அந்தத் தூரத்தைத் தாண்டிப் போனவள். அண்ணியோ, அந்தத் தூரத்தை வாரம் தவறாமல் பேருந்தில் போய்வந்துகொண்டிருந்தவர். எங்கள் இருவரைவிட அவருக்குத்தான் அந்தப் பாதை பழக்கம்.

மறுநாள் சமுதாயக் கூடத்தில் குழுவின் கூட்டம். கயலும் வருகிறேன் என்று வந்தாள். அண்ணி இயந்திரத்தைப் பற்றிச் சொன்னார். வரியைப் பற்றிக் கேட்டவர்களுக்குக் கயல் பக்கம் கையைக் காட்டினார். கயல் விளக்கியபோது இரண்டு பெண்கள் அவள் தமிழைக் கேட்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். கடைசியில் வாங்குகிற ஆள்தான் வரிக்கு ஆள் என்று அவள் சொன்னதும், ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "அப்ப இத்தினி நாளா நாம எல்லாத்துக்கும் கடசி ஆளாத்தான் கீறோமா?" என்று கேட்டார். 

அப்போது வாசலில் அண்ணன் வந்து நின்றார். உள்ளே வராமல், நிலைப்படிக்கு வெளியே.

"மிஷின் வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டோம்," என்றார் அண்ணி.

"எங்கிட்ட போன வருசத்து சாமை மூட்ட கீது. குழு வாங்குதா?"

"வாங்குது."

"இன்னா வெல?"

கூட்டம் முழுவதும் அண்ணியைப் பார்த்தது. அண்ணி அதை எதிர்பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. மண்டிக்காரர் கொடுக்கிற விலையைச் சொன்னால் அண்ணன் திரும்பிப் போய்விடுவார். ஆசைக்கு ஏற்றிச் சொன்னால், குழுவில் இருக்கிற மற்ற பெண்கள் வீட்டு மூட்டைகளுக்கும் அதே விலை கொடுக்க வேண்டும், குழு முழுகிப்போகும்.

"மண்டியில குடுக்கறதுக்கு மேல கொஞ்சம்," என்றார் அண்ணி.

"கொஞ்சம்னா?"

"அரிசி வித்து வர்ற லாபத்துல பங்கு அப்புறம்."

"அப்புறம்னு மண்டிக்காரரும்தான் சொல்வாரு."

பெண்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. அண்ணனும் சிரிக்கவில்லை. வீட்டில் ஒரு நாளும் பேரம் பேசாத இருவர் ஊர் நடுவில் நின்று விலை பேசினார்கள். அவர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, கடைசியில் நடுவில் ஓர் இடத்தில் இருவரும் நின்றார்கள். அதற்குமேல் அண்ணி ஒரு மூட்டைக்குக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் சரி என்று தலையாட்டிவிட்டு, "மிஷினு எறக்கறதுக்கு ஆளு வேணும்னா சொல்லு," என்று சொல்லிப் போனார்.

அன்று மதியம் வீட்டில் அவருக்கு இலை போட்டபோது, அண்ணி ஒரு முட்டையைக் கூடுதலாக வைத்தார். 

7

நாங்கள் திரும்பி வந்த பிறகு மற்றதெல்லாம் நடந்தது. திருப்பத்தூரில் ஒரு ஆடிட்டரைப் பிடித்துக் குழுவின் பேரில் பதிவு செய்தார்கள். முதலில் எழுதிக் கொடுத்ததை, முகவரி சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மலையில் கதவு எண் கிடையாது என்று அண்ணி போய்ச் சொல்லி, எண் போடவைத்துத் திரும்பக் கொடுத்தார். இயந்திரம் லாரியில் ஏறி மலைக்கு வந்தது. கரண்ட் பிரச்சினை வந்தது, அதையும் தீர்த்தார்கள். குழுவின் பெயரை அச்சிட்ட பைகள் வந்தன. ஒவ்வொன்றையும் கயல் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சில நேரம் எனக்கு முன்னாலேயே அத்தையிடம் பேசி முடித்திருப்பாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றால், நீங்கள் ஆட்டிடம் இருந்தீர்கள் என்பாள்.

என் வீட்டுச் செய்தி ஒன்றும் உண்டு. புதிய பள்ளி ஆண்டில், பேச்சுப் போட்டிக்குழுவில் அதே தலைப்பை மறுபடி எடுத்தார்கள். இந்த முறை கயலுக்கு விலக்கு வேண்டும் என்கிற பக்கம். அதில் அவள் தோற்றுவிட்டாள். வருத்தப்பட்டாளா என்று கேட்டேன். "அந்தப் பக்கம் உண்மையா சொன்னா ரொம்ப நேரம் ஆகுதும்மா. அவங்க குடுக்கற நிமிஷம் பத்தல," என்றாள். எனக்கு அந்தப் பதிலில் நிறைவு.

செப்டம்பரில் ஒரு நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். அங்கே சாயங்காலம். உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிப் பிடித்தார்.

சமுதாயக் கூடத்துக்குப் பக்கத்தில் இயந்திரத்துக்காகப் போட்ட கொட்டகை. உமி பறந்து சுவரெல்லாம் வெளிறிப்போயிருந்தது. பைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. பெஞ்சில் மண்டிக்காரர். இத்தனை வருஷமும் எங்கள் ஊர்ச் சாமைக்கு விலை சொன்னவர். அவர் கையில் டீ. எதிரே அண்ணி, தலைமுடியில் உமித்தூசியோடு நின்றிருந்தார். கயல் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"எப்பவும் குடுக்கறத விட சேத்தே குடுக்கறேம்மா," என்றார் மண்டிக்காரர்.

"எப்பவும் குடுத்தது உமிக்கும் சேத்துங்க. இது அரிசி. கையில எடுத்துப் பாருங்க."

அவர் எடுத்துப் பார்த்தார். உள்ளங்கையில் போட்டு ஊதினார். ஒன்றும் பறக்கவில்லை.

"நல்லாத்தான் கீது. சரி, இன்னா எதிர்பாக்கற?"

"எதிர்பாக்கறது இன்னா. வெல போட்டு வெச்சிருக்கோம்." அண்ணி விலையைச் சொன்னார். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பையின் வாயை இழுத்துக் கட்டினார். "எடுக்கறதுன்னா லாரி சொல்லுங்க. வேலூர்லேர்ந்து ஒருத்தரு கேட்டுனு கீறாரு. ஆனா மொத மொத உங்களுக்குத்தான் சொல்றேன்."

மண்டிக்காரர் வெகுநேரம் டீயைக் குடித்தார்.   எனக்கு மருத்துவமனைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கயலின் பேருந்து வெளியே வந்து ஹாரன் அடித்தது. நாங்கள் இருவரும் அசையவில்லை.

"வரியெல்லாம் சேத்துத்தான இந்த வெல?" என்றார் அவர் கடைசியில்.

"இல்லீங்க," என்றார் அண்ணி. "வரி தனி."

மண்டிக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, லாரிக்காரரைக் கூப்பிட்டார்.